பசி, ஜாடி, பெயர் தெரியாத மூலிகை: ‘ஷிரென்’ கேள்வி–பதில்

1995 டிசம்பர் 1 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கேம் கருவிக்கு வெளியான ‘ஃபுஷிகி நோ டஞ்சன் 2: ஃபூராய் நோ ஷிரென்’ பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். சுன்சாஃப்ட் நிறுவனம் செய்த கேம் இது. ஊர் ஊராகத் திரியும் ஷிரென், அவனோடு வரும் பேசும் மரநாய் கொப்பா, டேபிள் மவுண்டன் மலையுச்சியில் இருப்பதாகச் சொல்லப்படும் பொன் நகரம். கதை இவ்வளவுதான். ஆனால் மலைக்குப் போகும் வழி ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். சிக்கலும் அதில்தான், சுவையும் அதில்தான்.

கே: ஐந்தாறு தளங்களைத் தாண்டவே முடியவில்லை. செத்தால் லெவல் 1-க்குப் போய்விடுகிறது, சேர்த்த பொருளெல்லாம் பறிபோகிறது. லெவல் ஏற்றாமல் எப்படித்தான் முன்னேறுவது?

ப: லெவலைச் சேர்த்து வைத்துக்கொண்டு முன்னேறும் கேம் அல்ல இது. விழுந்தால் ஷிரென் பள்ளத்தாக்கு ஊரில், லெவல் 1-இல், ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 15-உடன் வெறுங்கையாக எழுந்திருப்பான். மிஞ்சுவது மூன்று. ஊர்க் கிடங்கில் போட்டு வைத்த பொருட்கள். வழியில் சந்தித்தவர்களின் கதை எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறதோ அது. உங்கள் கைக்கு வந்திருக்கும் பழக்கம். இந்த மூன்றாவதை வைத்துத்தான் பத்தாவது தளத்தையும் இருபதாவது தளத்தையும் பார்க்கிறார்கள்.

முதலில் டர்ன் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் அடி வைத்தால் ஒரு டர்ன். வாளை ஒருமுறை வீசினால் ஒரு டர்ன். ஒரு மூலிகையைத் தின்றால் ஒரு டர்ன். நீங்கள் அசையாதவரை அங்கே எதுவும் அசையாது. பையைத் திறந்து பார்ப்பதற்கு டர்ன் செலவாகாது, அரை மணி நேரம் யோசித்தாலும் யாரும் வந்து அடிக்க மாட்டார்கள்.

இனி ஒரு காட்சி. முதல் தளத்தில் மாமுல் என்னும் எளிய எதிரி ஒன்று எதிரே வருகிறது. உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம் காலி. அவசரப்பட்டு முன்னே போனால் அதன் பக்கத்தில் போய் நிற்பீர்கள், முதல் அடி உங்கள்மேல் விழும். நின்ற இடத்திலேயே ஒரு டர்னைக் கடத்தினால் அது உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும், முதல் அடி உங்களுடையது. ஏ, பி இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஷிரென் நின்ற இடத்திலேயே காலை ஊன்றி டர்னைக் கடத்துவான். காற்றில் வாளை வீசினாலும் ஒரு டர்ன் போகும். ஹெச்பி 15 இருக்கும் ஆளுக்கு, ஒவ்வொரு சண்டையிலும் ஓர் அடி குறைவாக வாங்குவது பெரிய லாபம். உங்கள் அதே வேகத்தில் நகரும் எதிரிக்குத்தான் இந்தக் கணக்கு. ஒரு டர்னில் இரண்டு அடி வைக்கும் எதிரியிடம் இது செல்லாது. அப்படிப்பட்டவனைத் தூரத்தில் பார்த்ததுமே அம்பையோ மந்திரத் தடியையோ எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது இடம். அறையின் நடுவில் நின்றால் எட்டுப் பக்கமும் அடி விழும், பாதையில் நின்றால் முன்னும் பின்னும் மட்டும்தான். இரண்டு எதிரிகள் தெரிந்தாலே பாதைக்குள் பின்வாங்கிவிடுங்கள். சுவர் முனையைத் தாண்டிக் குறுக்காக நகரவும் முடியாது, அடிக்கவும் முடியாது. எதிரிக்கும் அதே சட்டம்தான். ஒரு முனையை நடுவில் வைத்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் இருக்கும் எதிரியாலும் உங்களைத் தொட முடியாது, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும். அம்பு இருந்தால் எல் பொத்தான். நேராகவோ சரியான குறுக்குக் கோட்டிலோ எதிரி வந்தால்தான் அம்பு படும். குதிரை நடைபோல ஒரு கட்டம் விலகி நிற்பவனை நோக்கி எய்தால் அம்பு வீண்.

கடைசியாக ஒன்று. ஐந்தாம் தளத்தில் விழுகிறவர்களின் பையில் பெரும்பாலும் பத்துப் பொருளாவது தொடாமலே கிடக்கும். ஹெச்பி பாதிக்குக் கீழே போனதும் அடுத்த அடியை வைக்காதீர்கள். பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பாருங்கள். பெயர் தெரியாத தடி ஒன்று இருந்தாலும் அதை வீசிப் பார்க்க அதுதான் நேரம்.

கே: பசிதான் என்னைக் கொல்கிறது. எதிரியால் செத்ததைவிடப் பட்டினியால் செத்ததே அதிகம். சோற்று உருண்டை போதவே இல்லை.

ப: கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். வயிறு 100%-இல் தொடங்கும். 10 டர்னுக்கு 1% குறையும். ஆக ஒரு நிறைந்த வயிறு 1,000 டர்ன் தாங்கும். ஒனிகிரி என்கிற சோற்று உருண்டை 50% நிரப்பும், அதாவது 500 டர்ன். பெரிய ஒனிகிரி 100%. வயிறு 0% ஆனால் ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு ஹெச்பி கரையும்.

ஒரு தளத்தில் 250 டர்ன் செலவழிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஓர் ஒனிகிரிக்கு இரண்டு தளம். இதையே 500 டர்னாக்கினால் தளத்துக்கு ஓர் ஒனிகிரி வேண்டும், அவ்வளவு சோறு வழியில் கிடைக்காது. எங்கே வீணாகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஹெச்பி ஏறட்டும் என்று நின்ற இடத்திலேயே டர்னைக் கடத்துவதில்தான். ஹெச்பி நடக்கும்போதும் ஏறும். ஆகவே பார்க்காத அறையை நோக்கி நடந்துகொண்டே ஏற்றிக்கொள்ளுங்கள். அடி பலமாகப் பட்டு, அடுத்த எதிரியைச் சமாளிக்க முடியாது என்ற நிலையில் மட்டும் நிற்கலாம்.

கேடயத்தையும் கவனியுங்கள். தோல் கேடயம் பலம் குறைந்ததுதான். ஆனால் அதை அணிந்தால் பசி பாதி வேகத்தில்தான் ஏறும், அது துருவும் பிடிக்காது. கனமான கேடயம் நேர் எதிர்: அடியை நன்றாகத் தாங்கும், பசியை இரண்டு மடங்காக்கும். நிறைந்த வயிறு 500 டர்னிலேயே காலியாகிவிடும். கனமான கேடயம் கிடைத்த மகிழ்ச்சியில் அதை மாட்டிக்கொண்டு இரண்டு தளத்தை மூலைமூலையாகத் துழாவுகிறவர்கள்தான் பட்டினியில் விழுகிறார்கள். அறையில் சண்டை இல்லாதபோது கழற்றி வைக்கலாமா என்றால், மாட்டவும் கழற்றவும் ஒவ்வொரு டர்ன் போகும். நீண்ட நடைக்கு மட்டும் அது பலன் தரும்.

ஒரே தளத்தில் வெகுநேரம் தங்கவும் முடியாது. காற்று வீசத் தொடங்கும். முதல் வீச்சு எச்சரிக்கை. பொருட்படுத்தாமல் இருந்தால் கடைசி வீச்சு ஷிரெனை அந்தப் பயணத்திலிருந்தே தூக்கி எறிந்துவிடும். முதல் காற்று கேட்டதுமே படிக்கட்டைப் பார்த்து நடங்கள்.

கே: மூலிகை, மந்திரச் சுருள், தடி, ஜாடி எல்லாமே பெயர் தெரியாமல் வருகின்றன. எதை எப்போது பயன்படுத்திப் பார்ப்பது?

ப: இந்தக் கேமின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம். அடையாளம் தெரியாத பொருளை ஆபத்து நேரத்துக்கு என்று சேர்த்து வைப்பது பெரிய தவறு. ஆபத்தில் எடுத்து வாயில் போட்டால் அது தூக்க மூலிகையாக இருக்கும்.

மூலிகையை, அறையில் எதிரி இல்லாதபோது, படிக்கட்டின் பக்கத்தில் நின்று, ஹெச்பி நிறைந்திருக்கும் நேரத்தில் தின்னுங்கள். காரணம் இரண்டு. சாதாரண மருந்து மூலிகை 25 ஹெச்பி தரும், ஒதொகிரிஸோ 100 தரும். ஹெச்பி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அவை அதிகபட்ச ஹெச்பியையே கொஞ்சம் கூட்டிவிடும், எனவே வீணாகப் போகாது. விஷ மூலிகையாக இருந்தால் உங்கள் வலு ஒன்று குறையும். குழப்ப மூலிகையாக இருந்தால் சில டர்ன் தள்ளாடுவீர்கள். சுற்றிலும் யாரும் இல்லையென்றால் இவை தாங்கக்கூடியவை. ஒரே வகை மூலிகை இரண்டு மூன்று கையில் இருந்தால் அதை முதலில் தின்று பாருங்கள். ஒன்றைச் செலவழித்தால் மற்ற இரண்டின் பெயரும் தெரிந்துவிடுகிறதே. தின்றதும் வாயிலிருந்து நெருப்பு கக்கினால் அது டிராகன் மூலிகை. எதிரே யாரும் இல்லாமல் போயிற்றே என்று வருந்தாதீர்கள், அடுத்தது கிடைக்கும்போது அதன் பெயர் உங்களுக்குத் தெரியும்.

சுருளுக்கு நேர் எதிரான வழி. அறையில் ஓரிரு எதிரிகள் இருக்கும்போது படியுங்கள். எல்லோரையும் தூங்கவைக்கும் சுருள், குழப்பும் சுருள், அறை முழுவதையும் வெட்டும் சுருள் எல்லாம் எதிரி இல்லாத அறையில் பாழ். பையில் இன்னும் சில பெயர் தெரியாத பொருட்கள் இருக்கும்போது படித்தால், அடையாளம் காட்டும் சுருளாக அமைந்தாலும் பலன் உண்டு. எச்சரிக்கை ஒன்று: சரணாலயச் சுருளைப் படித்தால் பயனில்லை, தரையில் வைக்க வேண்டும். ஒழிப்புச் சுருளை எதிரிமேல் எறிய வேண்டும், எறிந்தால் அந்த இனமே அந்தப் பயணம் முழுவதும் வராது. முதல்முறை இரண்டையும் படித்துத்தான் எல்லோரும் இழக்கிறார்கள். வெற்றுச் சுருள் கிடைத்தால் அதில் நீங்கள் அறிந்த சுருளின் பெயரை எழுதி அதுவாகவே பயன்படுத்தலாம். இப்படி எழுதுவதற்காகவே பெயர்களை நினைவில் வையுங்கள்.

தடியைப் பலவீனமான எதிரிமேல் வீசுங்கள். எதிரியைப் பின்னே தள்ளும் தடி, இடம் மாற்றும் தடி, அசையாமல் கட்டும் தடி என்று பல உண்டு. ஆனால் மகிழ்ச்சித் தடி எதிரியின் லெவலையே ஏற்றிவிடும். முதல் தளத்து மாமுல் லெவல் ஏறினால் சமாளிக்கலாம். மேல் தளத்து டிராகன் ஏறினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. அதனால்தான் தடிகளை மேல் தளங்கள் வரை பொத்திக்கொண்டு போகாமல் சீக்கிரமே சோதித்துவிட வேண்டும்.

ஜாடிக்குள் முதலில் போடுவது எதற்கும் உதவாத பொருளாக இருக்கட்டும். களையோ கடைசி அம்போ போதும். திரும்ப எடுக்க முடிந்தால் சேமிப்பு ஜாடி. போட்டது வேறொன்றாக மாறினால் மாற்று ஜாடி. ஓட்டை ஜாடியும் உண்டு, போட்டது போனதுதான். நல்ல கேடயத்தை முதலில் போட்டுப் பார்ப்பவர் ஒருமுறைதான் அப்படிச் செய்வார்.

கைக்காப்பையும் வாளையும் தயங்காமல் மாட்டாதீர்கள். சாபம் இருந்தால் கழற்ற வராது, சாபம் நீக்கும் சுருள் கிடைக்கும்வரை அதோடுதான் போராட வேண்டும். கையில் இருக்கும் வாள் ஓரளவு நன்றாக இருந்தால், தெரியாத வாளை மாட்டுவதற்கு முன் கடை வருமா என்று பாருங்கள். கடையில் பொருளை எடுத்தால் வாங்கும் விலையையும், கீழே வைத்தால் விற்கும் விலையையும் கடைக்காரர் சொல்வார். ஒரே விலையுள்ள பொருட்கள் ஒரு குழு. விலையைக் குறித்து வைத்தால், தெரியாத மூலிகை இன்ன மூன்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். பத்துப் பயணம் விலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அதன்பிறகு விற்பதற்காக அல்லாமல் விலை கேட்பதற்காகவே கடைக்குள் நுழைவீர்கள்.

கே: இது டிராகன் குவெஸ்ட் கேம் வரிசையைச் சேர்ந்ததா?

ப: இல்லை, இதற்கு முந்தைய பாகம்தான் அதைச் சேர்ந்தது. 1993-இல் சுன்சாஃப்ட் வெளியிட்ட முதல் ‘ஃபுஷிகி நோ டஞ்சன்’ கேமில் நாயகன் டோர்னெகோ, டிராகன் குவெஸ்ட் நான்காம் பாகத்து வணிகர். ‘1,000 முறை விளையாடக்கூடிய ஆர்பிஜி’ (பாத்திரமேற்று ஆடும் கேம்) என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கும் முன்னோடி, 1980-இல் அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கணினிகளில் எழுத்துக் குறிகளை வைத்தே விளையாடிய ‘ரோக்’. ஷிரெனுக்கு வந்தபோது சுன்சாஃப்ட் தன் சொந்த நாயகனையும் பழைய ஜப்பானிய வழிப்பயண உலகையும் படைத்துக்கொண்டது. இசை மட்டும் டிராகன் குவெஸ்ட் இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமாவுடையது. தாளவாத்தியமும் புல்லாங்குழல் சாயலுமாக அவர் செய்திருப்பதைச் சத்தத்தைக் குறைக்காமல் கேளுங்கள்.

கே: பொருட்களை ஒன்றாக்கும் இணைப்பு ஜாடியில் வாளைப் போட்டேன். நல்ல வாள் போய் மட்டமான வாள் வந்தது. ஏன்?

ப: போட்ட வரிசை தவறு. முதலில் போகும் வாளே அடிப்படை. பின்னால் போகும் வாள் தன் கூட்டல் எண்ணையும் தனிக் குணத்தையும் முதல் வாளுக்குக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். +3 உள்ள கதனா என்னும் வாளை முதலில் போட்டு, +2 உள்ள தடிக்கட்டையைப் பின்னால் போட்டால் +5 கதனா. மாற்றிப் போட்டால் +5 தடிக்கட்டை. எண் ஒன்றுதான், ஆனால் அடிப்படை வலு தடிக்கட்டையுடையது. உங்களுக்கு நடந்தது இதுவே.

வாளும் கேடயமும் ஒரே ஜாடியில் இருந்தாலும் தத்தம் இனத்தோடுதான் இணையும். ஒரே வகைத் தடிகள் இரண்டைப் போட்டால் மீதமிருக்கும் வீச்சுகள் கூடும். உள்ளே போனதைக் கையால் எடுக்க முடியாது. ஜாடியைச் சுவரில் எறிந்து உடைக்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று எறியுங்கள். திறந்தவெளியில் எறிந்து அது சுவரில் படாமல் தரையில் விழுந்தால் உடையாது, நடந்துபோய் எடுத்து மறுபடி எறிய வேண்டியிருக்கும். உடைப்பதற்கு முன் அறையில் எதிரி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைச் சேர்ப்பது? கேடயத்தில் தோல் கேடயத்தின் பசி குறைக்கும் குணத்தை முதலில் ஏற்றுங்கள். பாதுகாப்பு எண் அழகாக ஏறுவதைவிட வயிறு இரு மடங்கு தாங்குவது நீண்ட பயணத்தில் பெரிது. அடுத்ததாக டிராகன் கேடயத்தின் நெருப்பு தாங்கும் குணம். துருப் பொறியில் கால் வைத்தால் கூட்டல் எண் குறையும், அதனால் முலாம் பூசும் சுருள் கிடைத்ததும் படித்துவிடுங்கள். வாளுக்குக் கமாயிதச்சி கிடைத்தால் விடவே விடாதீர்கள். முன்னால் மூன்று திசையிலும் ஒரே வீச்சில் வெட்டும்.

இப்படிச் செய்த வாளைப் பையிலேயே வைத்திருந்தால் விழும்போது அதுவும் போகும். வழியில் உள்ள ஊரில் கிடங்கு வந்ததும் உள்ளே போடுங்கள். கிடங்கு ஜாடி கிடைத்தால் இன்னும் நல்லது, பயணத்தின் நடுவில் நின்றபடியே அதில் போடும் பொருள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பொன் நகரத்தை முதன்முறை அடையும் பலரும் ஐந்தாறு பயணங்களில் இப்படி வளர்த்த வாளோடும் கேடயத்தோடும்தான் போகிறார்கள். அதில் குறையே இல்லை, கேம் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

கே: என் பையில் இருந்த நல்ல சுருள் சோற்று உருண்டையாக மாறிவிட்டது. இது கேமின் பிழையா?

ப: பிழை இல்லை. நிகிரி இனத்து எதிரியின் வேலை அது. சோறு பிடிக்கப் பழகும் சீடனாக, வெறும் கையோடு வருவான். பக்கத்தில் நின்றால் உங்கள் பொருள் ஒன்றை ஒனிகிரியாக்கிவிடுவான். விலை உயர்ந்த காப்பு இருந்த இடத்தில் ஒரு சோற்று உருண்டை கிடக்கும், மீட்க வழியில்லை.

எனவே அவனைப் பக்கத்தில் விடக் கூடாது. அம்பால் தொலைவிலேயே முடியுங்கள், அல்லது தள்ளும் தடியால் தள்ளி மறுபடி அம்பு எய்யுங்கள். கையில் உணவே இல்லாமல், பையில் வேண்டாத பொருள் நிறைந்திருக்கும்போது அவனே உதவிக்கு வந்தவன் ஆகிவிடுவான். உயர்ந்த பொருட்களைச் சேமிப்பு ஜாடிக்குள் வைத்துவிட்டு, குப்பையை மட்டும் வெளியே விட்டு அவன்முன் நின்று சோறு வாங்கிக்கொள்ளலாம்.

இதே உலகில் ஃபுபூ என்னும் உணவுத் தெய்வத்தின் கத்தியும் உண்டு என்று சிலர் எழுதியிருந்தார்கள். சரியான பெயர் பூஃபூ. அந்தக் கத்தியால் எதிரியை வீழ்த்தினால் சில சமயம் இறைச்சி விழும். இறைச்சியைத் தின்றால் ஷிரென் அந்த எதிரியாகவே மாறி அதன் திறனைப் பெறுவான். சுவருக்குள் புகுந்து போகும் பூசணிப் பேயின் இறைச்சி இருந்தால் நீங்களும் சுவருக்குள் நடக்கலாம். மலையை முடித்தபிறகு திறக்கும் உணவுத் தெய்வக் கோயிலில் இந்த இறைச்சிதான் ஆட்டத்தின் மையமே. இந்தக் கேமின் விசித்திரமான, அன்புக்குரிய பகுதி அது. மலையை முடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.

கே: கடையில் திருட முடியும் என்கிறார்களே, உண்மையா?

ப: முடியும். கேம் அதை ஒரு வித்தையாகவே வைத்திருக்கிறது. பொருளைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் வாசலை மறித்து நிற்பார். காசு கொடுக்காமல் கடையின் எல்லையைத் தாண்டினால் திருட்டு. கடைக்காரர் வேகமாகத் துரத்துவார், காவல் நாய்களும் சேர்ந்துகொள்ளும். அவரோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம் என்று எண்ண வேண்டாம். பொருளோடு படிக்கட்டில் இறங்கிவிட்டால் தப்பித்தீர்கள்.

பொருளை எடுக்கும் முன்பே படிக்கட்டு எங்கே என்று பார்த்துவைக்க வேண்டும், இதுதான் முதல் வேலை. கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நீண்ட பாதை இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றும் தடி போதும்: வாசலில் நிற்கும் கடைக்காரருக்கு நேர்க்கோட்டில் நின்று வீசுங்கள். அவர் கடைக்குள், நீங்கள் வாசலில். அதன்பின் ஒரு டர்னைக்கூட வீணாக்காதீர்கள். உயரப் பறக்கும் மூலிகை தின்றால் தளத்தில் வேறெங்கோ போய் விழுவீர்கள், விழும் இடம் உங்கள் கையில் இல்லை. அதனால் தடியே நம்பகமானது. திருடியதைப் பயன்படுத்தும் முன்பே விழுகிறவர்கள் பெரும்பாலும் படிக்கட்டைத் தேடிக்கொண்டே ஓடியவர்கள்தான்.

கே: அறைக்குள் நுழைந்ததும் இருபது எதிரிகள் ஒரேயடியாக விழித்துக்கொள்கிறார்கள். தப்பவே முடியாதா?

ப: எதிரிகள் கூட்டமாகக் காத்திருக்கும் இந்த அறைக்குப் பெயர் மான்ஸ்டர் ஹவுஸ். வந்த பாதைக்குள் உடனே ஓரடி பின்வாங்குங்கள். வாசலிலிருந்து ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். கையில் தூக்கச் சுருளோ குழப்பச் சுருளோ இருந்தால், எல்லோரும் அறையில் இருக்கும்போதே படித்துவிட்டு அதன்பிறகு பின்வாங்குங்கள். பாதைக்குள் போய்விட்டுப் படித்தால் அறை முழுவதையும் தொடாது.

சரணாலயச் சுருளைக் காலடியில் வைத்து அதன்மேல் நின்றால் பக்கத்தில் வந்து அடிப்பவர்களால் உங்களைத் தொட முடியாது. நீங்கள் நின்றபடியே ஒவ்வொருவராக வெட்டலாம். ஆனால் அம்பு எய்பவனும் நெருப்பு கக்கும் டிராகனும் அதற்குக் கட்டுப்பட மாட்டார்கள். அவர்கள் யார் என்று முதலிலேயே கண்டுபிடித்து, அவர்களின் நேர்க்கோட்டில் வேறொரு எதிரி நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வைத்த சுருள் தரையோடு ஒட்டிக்கொள்ளும், திரும்ப எடுக்க முடியாது.

எதிரிகள் ஒழிந்தபின் பொருட்களைப் பொறுக்க ஓடாதீர்கள். இந்த அறைகளில் பொறிகளும் அதிகம். முன்னாலிருக்கும் கட்டத்தை நோக்கி வாளை ஒருமுறை வீசினால் அங்கே மறைந்திருக்கும் பொறி வெளிப்படும். ஒவ்வொரு வீச்சும் ஒரு டர்ன், பசி ஏறும்தான். கண்ணிவெடியில் இருக்கும் ஹெச்பியில் பாதியை இழப்பதைவிட அது மலிவு.

கே: பழைய சூப்பர் ஃபாமிகாம் கார்ட்ரிஜ் வாங்கினேன். அணைத்தால் சேமித்தது நிற்பதில்லை. அமெரிக்க, ஐரோப்பியக் கருவியில் இது ஓடுமா?

ப: முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள்: பயணத்தின் நடுவில் இருக்கும்போது ‘நிறுத்திவை’ கொடுக்காமல் அணைத்தால் கேம் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். பொருளெல்லாம் போய், லெவல் 1-இல் ஊரில் இருப்பீர்கள். அது பழுது இல்லை. கிடங்கும் பெயரும்கூட அழிந்துபோனால்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

உள்ளே இருப்பது 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி. கார்ட்ரிஜைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்னும் தனிவகைத் திருப்புளி வேண்டும். பேட்டரியில் உலோகத் தகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும், எனவே தகடு வைத்தே வரும் சிஆர்2032-ஐத்தான் வாங்க வேண்டும். வெறும் பேட்டரியின்மேல் நேரடியாகச் சாலிடர் வைத்தால் சூட்டில் அது கெடும், வெடிக்கவும் கூடும். பலகையில் அச்சிட்டிருக்கும் கூட்டல் குறியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள். கழற்றியதும் பழைய சேமிப்பு முழுவதும் அழியும், அதைத் தவிர்க்க எளிய வழி இல்லை.

அமெரிக்க சூப்பர் நின்டெண்டோவில், வேறு நாட்டு கார்ட்ரிஜைத் தடுக்கும் பூட்டுச் சில்லு ஜப்பானியக் கருவியில் உள்ளதுதான். கார்ட்ரிஜ் உள்ளே போகாமல் தடுப்பது வாயிலுக்குள் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் முனைகள். ஐரோப்பியக் கருவியில் வடிவம் பொருந்தும், ஆனால் பூட்டுச் சில்லு வேறு, அதனால் ஓடாது. ஜப்பானியக் கருவியையே வாங்கினால் மின்சாரத்தைக் கவனியுங்கள். அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, 220–240 வோல்ட்டில் நேராகச் சொருகினால் எரிந்துவிடும். கருவிக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். நடுமுனை நேர்மின்னாக இருக்கும் அடாப்டரை மாட்டாதீர்கள்.

ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு நின்டெண்டோ டிஎஸ் பதிப்பே சிறந்தது. 2006-இல் ஜப்பானிலும், 2008-இல் சேகா வழியாக ஆங்கிலத்திலும் வந்தது. டிஎஸ் கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. விழுந்தவரை மற்றொருவர் வந்து மீட்கும் வசதி அதில் உண்டு. ஆனால் நின்டெண்டோவின் அந்த இணையச் சேவை 2014 மே மாதம் நிறுத்தப்பட்டுவிட்டது.

கே: ஃபெயின் புதிர்களை விளையாட வேண்டுமா, நேராக மலைக்கே போகலாமா?

ப: முதல் பத்தையாவது கட்டாயம் விளையாடுங்கள். தொடங்கும் ஊரிலேயே இருக்கின்றன, மொத்தம் 50. ஒவ்வொன்றும் மாறாத ஒரே வரைபடம், கையில் அவர்களே கொடுக்கும் சில பொருள், எட்ட வேண்டியது படிக்கட்டு. பசி, தற்செயல் எதுவும் குறுக்கே வராது. இடம் மாற்றும் தடியை எந்தக் கோணத்தில் வீசுவது, எதிரியை எப்படி வரிசைக்கு இழுப்பது என்பதெல்லாம் விழும் பயமின்றி அங்கே பழகும். ஒரு புதிர் பிடிபடவில்லையென்றால் கொடுத்த பொருட்களில் எதை இன்னும் பயன்படுத்தவில்லை என்று பாருங்கள், விடை அதில் இருக்கும்.

மலைப்பயணத்துக்கு நடுவே ஓரிரண்டு புதிர் போடுவது நல்ல முறை. வழியில் வரும் கண்ணை மறைக்கும் ஓர்யூ, தம்பி என்று சொல்லிக்கொண்டு வரும் பெகேஜி, பார்வையற்றவர்போல் நடந்துகொள்ளும் கெச்சி ஆகியோரின் கதை, பல பயணங்களில் திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் நகரும். பிறகே துணைக்கு வருவார்கள். முதலில் ஓர்யூ உங்களுக்குக் கண் தெரியாமல் செய்துவிட்டுப் போவாள், அதற்காக அடுத்த முறை அவளைத் தவிர்க்காதீர்கள்.

50 புதிரும் முடிந்தால் ஃபெயின் இறுதிப் புதிர் திறக்கும். 99 தளம். கிடங்கிலிருந்து ஒன்றும் எடுத்துப்போக முடியாது, பொருள் எல்லாமே பெயர் தெரியாமல்தான் வரும். அங்கே வளர்த்த வாள் இல்லை. மேலே மூன்றாவது கேள்விக்கு எழுதிய விலைத் தாள் அந்த 99 தளத்துக்கும் அப்படியே பயன்படும், பத்திரமாக வைத்திருங்கள்.